ரப்பர் கடைக்காரர் எதில் லாபம் பார்க்கிறார்?

அருமனை வட்டாரத்தில் வாங்கி விற்கும் தொழில் என்றால் முதலில் சொல்ல வேண்டியது ரப்பர் கடையைத்தான். விளவங்கோடு தாலுகாவின் இந்தப் பேரூராட்சியிலிருந்து களியல், கடையாலுமூடு, குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் ஒரு ரப்பர் கடையாவது கண்ணில் படும். முன்பக்கம் ஒரு மேசை, எடை மிஷின், பில் புத்தகம். உள்ளே கூரை வரை அடுக்கிய ஷீட்டுகள். ஒரு மூலையில் ஒட்டுப்பால் மூட்டைகள். புகையும் புளிப்பும் கலந்த வாசனை. கடைக்காரர் டயர் செய்வதில்லை, செருப்பு செய்வதில்லை. நாளைக்கோ அடுத்த வாரமோ வேறொருவருக்குக் கொடுப்பதற்காகவே இன்றைக்கு வாங்குகிறார். பல கடைகளில் நல்லமிளகு, கிராம்பு, பாக்கு, ஜாதிக்காய் என்று மலைச்சரக்கும் எடுப்பதுண்டு. ஆனாலும் கடையைத் தாங்குவது ரப்பர்தான்.

இந்தக் கடைக்காரரைப் பற்றி ஊரில் பொதுவாக இருக்கும் எண்ணம் எளிமையானது: கோட்டயத்தில் ஒரு விலை, இங்கே அதைவிடக் குறைந்த ஒரு விலை, நடுவில் இருப்பது அவருடைய லாபம். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். விலைப் பலகையில் எழுதியிருக்கும் வித்தியாசம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டுக் கேட்டுவிடவும் முடிகிறது. சிறு விவசாயியின் பணம் அதிகமாகப் போவதும், வியாபாரியின் பிழைப்பு உண்மையில் நடப்பதும் வேறு இடத்தில்: எந்தத் தரம், எவ்வளவு ஈரம், பாலில் எத்தனை சதவீதம் ரப்பர் என்று தீர்மானிக்கிற அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்.

முதலில், கடை ஏன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ரப்பர் உற்பத்தியின் மிகப் பெரும் பங்கு சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது. குமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களையும் சில பெரிய எஸ்டேட்டுகளையும் தள்ளிவிட்டால், மற்றதெல்லாம் வீட்டைச் சுற்றிய அரை ஏக்கர், ஒரு ஏக்கர், மூன்று ஏக்கர் கணக்குதான். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 கிலோ. அந்தக் கணக்கில் அரை ஏக்கர்காரருக்கு வாரத்துக்கு ஐந்தாறு கிலோ, அதாவது பத்துப் பன்னிரண்டு ஷீட் கிடைக்கும். டயர் தொழிற்சாலை வாங்குவது லாரிக் கணக்கில். பத்து டன் ஏற்றும் ஒரு லாரிக்கு அரைக் கிலோ ஷீட் 20,000 வேண்டும். பத்து ஷீட்டோடு தொழிற்சாலை வாசலில் போய் நிற்க யாராலும் முடியாது. அந்தப் பத்தை ஆயிரமாகவும் ஆயிரத்தை இருபதாயிரமாகவும் சேர்ப்பது கடைக்காரரின் முதல் வேலை. இந்த வேலைக்குக் கூலி உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தத் தொழிலைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது.

சரக்கு மூன்று உருவத்தில் கடைக்கு வருகிறது. விடியுமுன் பால் வெட்டி, சிரட்டையில் சேர்ந்த பாலைக் காலையில் எடுத்து, தண்ணீர் கலந்து, அலுமினியத் தட்டத்தில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, இரண்டு ரோலர்களில் கொடுத்து ஷீட் அடிக்கிறார்கள். பிறகு வெயிலில் உலர்த்தி, புகைக்கூடம் இருந்தால் மூன்று நான்கு நாள் புகை போடுகிறார்கள். இது ஷீட். உறைய வைக்காமல் அம்மோனியா கலந்து பீப்பாயில் கொடுப்பது பால். வெட்டுப் பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்ததைச் சுருட்டி மூட்டையில் கொண்டு வருவது ஒட்டுப்பால். மூன்றுக்கும் விலை வேறு, அளக்கும் முறை வேறு, ஏமாறும் இடமும் வேறு.

விலை வருவது கோட்டயத்திலிருந்து. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. ரப்பர் வியாபாரத்தின் முகம் மட்டும் திரும்பவில்லை. ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்தில். பெரிய வியாபாரிகள் கோட்டயத்திலும் கொச்சியிலும். எனவே அருமனைக் கடையின் காலை, 'ஆர்எஸ்எஸ் 4' என்ற தரத்துக்குக் கோட்டயத்தில் அன்று என்ன விலை என்று பார்ப்பதில் தொடங்குகிறது. முன்பு மலையாளப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் பார்த்தார்கள், இப்போது கைபேசியில் பார்க்கிறார்கள். "இன்னைக்கு வெலை எவ்வளவாக்கும் அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிள் கேரியரிலிருந்து ஷீட்டை இறக்குகிறவருக்கும் அது பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். பத்திரிகைகள் இரண்டு விலை போடுவது வழக்கம்: ஒன்று வாரிய விலை, இன்னொன்று வியாபாரி விலை. இரண்டாவது சில ரூபாய் குறைவாக இருக்கும். கடைக்காரர் எடுத்துக்கொள்வது இரண்டாவதை. அதிலிருந்தும் வண்டிக்கூலி முதலியவற்றைக் கழித்தே பலகையில் எழுதுகிறார்.

இனி, லாபம் உண்மையில் தீர்மானமாகும் இடம். புகையிட்ட ஷீட்டுக்கு ஆர்எஸ்எஸ் 1 முதல் 5 வரை தரங்கள் உண்டு. 'பச்சைப் புத்தகம்' என்று உலக ரப்பர் வணிகத்தில் அறியப்படும் சர்வதேசத் தர நூல் வகுத்த தரங்கள் இவை. கருவி எதுவும் கிடையாது, முழுக்கக் கண்ணால் பார்த்துச் சொல்வது. கடைக்காரர் ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறார். தேன் நிறத்தில் ஒரே சீராக ஒளி ஊடுருவினால் நல்ல சரக்கு. குண்டூசித் தலை அளவு குமிழ்கள் தெரிந்தால் ஆசிட் அளவு தவறியிருக்கிறது, அல்லது உலர்த்தும்போது சூடு அதிகமாகியிருக்கிறது. கறுப்புப் புள்ளி என்றால் பட்டைத் துணுக்கு. பால் சரியாக வடிகட்டப்படவில்லை. நடுவில் வெண்மையாக ஒரு திட்டு இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. பிறகு ஷீட்டை இழுத்துப் பார்க்கிறார். இழுத்த இடத்தில் பழுப்புப் பொடி கிளம்பினால் அது 'துரு', அடித்த ஷீட்டை உடனே உலர்த்தாமல் வைத்ததன் அடையாளம். மேலே படர்ந்த பூசணத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். எல்லாம் சேர்ந்து ஒரு ஷீட்டுக்கு ஐந்து விநாடி ஆகாது. பழகிய கண் அபாரமானது. அதைத் திறமை என்று மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் திறமை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. வாரம் பத்து ஷீட் அடிப்பவர் தன் ஷீட்டை மட்டுமே பார்த்தவர். கடைக்காரர் ஒரே நாளில் நூறு வீட்டு ஷீட்டைப் பார்க்கிறார். நான்காம் தரமா ஐந்தாம் தரமா என்று எல்லைக்கோட்டில் நிற்கும் ஷீட்டை அவர் ஐந்து என்றால் ஐந்துதான். பல சிறு கடைகளில் தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு வாங்குவதும் நடக்கிறது. அங்கே நன்றாக வடிகட்டிப் பதமாகப் புகையிட்டவருக்கும் அரைகுறையாக உலர்த்தியவருக்கும் ஒரே விலை. வாங்கிய பிறகு கடைக்குள்ளே தரம் பிரிக்கப்படுகிறது. விற்கும்போது ஒவ்வொரு தரமும் அதனதன் விலைக்குப் போகிறது. மெனக்கெட்ட விவசாயியின் கூலி இப்படிச் சத்தமில்லாமல் கைமாறுகிறது. இந்தத் தொழிலில் திருத்தப்பட வேண்டிய முதல் பழக்கம் இதுதான். இது விலைப் பலகையில் தெரிவதில்லை என்பதால் யாரும் சண்டை போடுவதும் இல்லை.

ஈரத்தின் கணக்கு இன்னொன்று. புகைக்கூடம் இல்லாத வீடுகளிலிருந்து வெயிலில் மட்டும் காய்ந்த ஷீட் வரும். அதைக் கடைக்காரரே புகை போட்டு உலர்த்தி விற்க வேண்டும். 1,000 கிலோவில் 3 சதவீதம் ஈரம் என்றால் புகைக்கூடத்திலிருந்து வெளியே வரும்போது 970 கிலோ. விறகுச் செலவு, ஆள் கூலி தனி. அதனால் எடையிலோ விலையிலோ கழிவு வைக்கிறார், வைப்பது நியாயம். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். மழைக்காலத்தில் எல்லோருடைய ஷீட்டும் ஈரமாக இருக்கும்போது வைத்த கழிவு, தை மாதத்து வெயிலிலும் அப்படியே தொடர்ந்தால் அது வழக்கம் என்ற பெயரில் எடுக்கப்படும் பணம்.

பாலில் கணக்கு இன்னும் நுட்பமானது. மரத்திலிருந்து வரும் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் 30 முதல் 40 சதவீதம். மரத்தின் வயது, ரகம், பருவம், முந்தைய நாள் மழை என்று எல்லாவற்றுக்கும் ஏற்ப இது மாறும். இந்தச் சதவீதத்தை எல்லோரும் 'டிஆர்சி' என்கிறார்கள். விலை அதற்குத்தான், பாலின் எடைக்கு அல்ல. நூறு கிலோ பால் கொடுத்தவருக்கு 35 என்று வந்தால் 35 கிலோ ரப்பரின் விலை. 33 என்று வந்தால் இரண்டு கிலோ குறைவு. கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 360 ரூபாய். இதே 360 ரூபாயை விலையில் குறைத்திருந்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைத்ததாகும். அந்த விலையில் யாரும் பால் கொடுக்க மாட்டார்கள். சதவீதத்தில் இரண்டு குறைந்தால் கேள்வி எழுவதில்லை, "நேற்று மழை" என்ற ஒரு வார்த்தை போதும்.

சரியாக அளக்க வழி இருக்கிறது. பாலில் ஒரு சிறு மாதிரியை எடுத்து நிறுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக்கிக் கழுவி, அடுப்பில் வைத்து எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி மீண்டும் நிறுத்தால் சதவீதம் துல்லியமாகக் கிடைக்கும். இதற்குப் பல மணி நேரமாகும். பாலில் மிதக்க விட்டு உடனே படிக்கும் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவி ஒரு தோராயக் கணக்கைத்தான் தரும்; சூட்டுக்கும் கலந்த தண்ணீருக்கும் ஏற்ப அது மாறிக் காட்டும். மாதிரி எடுத்த குப்பியில் பெயரும் தேதியும் எழுதி, மறுநாள் சோதனைச் சீட்டைக் கையில் கொடுக்கும் இடத்தில் பால் கொடுப்பவருக்கு நஷ்டம் குறைவு. ஒட்டுப்பாலுக்கு இந்த வசதியும் இல்லை. மூட்டையைக் கொட்டி, ஓர் உருண்டையைக் கத்தியால் பிளந்து, உள்ளே வெள்ளையாக நீர் கசிகிறதா, மண்ணும் பட்டையும் எவ்வளவு என்று பார்த்து ஒரு விலை சொல்வார்கள். கிரம்ப் ரப்பர் தொழிற்சாலைகள் இதை வாங்கி நறுக்கிக் கழுவிக் கட்டி ரப்பராக்குகின்றன. ஒட்டுப்பாலில் இரண்டு பக்கமும் விளையாட்டு உண்டு: எடைக்காகத் தண்ணீரில் ஊற வைத்துக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அதைக் காரணம் காட்டி நல்ல சரக்குக்கும் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு கடைக்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் கொடுப்பது கைக்காசு. சரக்கு வாங்கிய நாளில் பணம் போய்விடுகிறது. விற்ற பணம் திரும்பி வரப் பல நாட்களாகும். நடுவில் விலை அசைந்தால் அது அவர் தலையில். ஐந்து டன் கையிருப்பு இருக்கும்போது கிலோவுக்கு மூன்று ரூபாய் இறங்கினால் 15,000 ரூபாய் போகும். ரப்பர் விலை அசையும் பொருள் என்பதற்கு இந்தப் பதினைந்து ஆண்டுகளே சாட்சி. 2011 ஏப்ரலில் கோட்டயத்தில் கிலோ 240 ரூபாயைத் தாண்டிய ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தில் சரக்கை வைத்துக்கொண்டு விலை ஏறும் என்று காத்திருந்த கடைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பால் வெட்டையே நிறுத்திப் போட்ட தோட்டங்களும் ஏராளம். 2024 ஆகஸ்டில்தான் 2011-இன் உச்சத்தை விலை மறுபடி கடந்தது.

விலை ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கான காரணங்கள் அருமனையில் இல்லை. தாய்லாந்தில் மழை, சீனாவில் கார் விற்பனை, கச்சா எண்ணெய் விலை (மலிவானால் செயற்கை ரப்பரும் மலிவாகும்), சிங்கப்பூர் சந்தையின் முன்பேர விலை, இவையெல்லாம் சேர்ந்து உலக விலையை நகர்த்துகின்றன. அந்த விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் நடுவில் நிற்பது இறக்குமதி வரி. 2015 முதல் அது 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. வேதிப்பொருள் கலந்த 'காம்பவுண்ட்' ரப்பர் குறைந்த வரியில் வந்துகொண்டிருந்தது. 2023 மத்திய பட்ஜெட்டில் அதற்கும் இதே அளவுக்கு வரி உயர்ந்தது.

உள்ளூரில் விலையோடு விளையாடுவது பருவம். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது வெட்டை நிறுத்துவார்கள். ஆனி, ஆடி மழையில், மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டாத தோட்டங்களில் வெட்டு நடக்காது. ஐப்பசி முதல் தை வரை பால் பெருகும். சரக்குக் குறைந்த மாதங்களில் விலை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவரை சரக்கை வைத்திருக்க முடிகிறவர் யார் என்பதுதான் கேள்வி. பால் பெருகும் மாதங்களில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. விழாவைப் பெரிதாகக் கொண்டாடும் அருமனையில் டிசம்பரில் எல்லா வீட்டுக்கும் பணம் வேண்டும். விவசாயி அன்றைக்கு விற்றாக வேண்டும், கையில் முதல் உள்ள வியாபாரி காத்திருக்கலாம். முன்பணம் வாங்கியிருந்தால் கட்டு இன்னும் இறுகும். மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கடையில் வாங்கிய பணத்துக்குத் தனியாக வட்டி கேட்காத கடைக்காரர்கள் உண்டு. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டு ஷீட் வேறு கடைக்குப் போவதில்லை. வட்டி என்று பெயர் சொல்லாத வட்டி தரத்திலும் கழிவிலும் வசூலாகிவிடும்.

கடைக்காரருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். சிறு கடையிலிருந்து மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் பெரிய வியாபாரிக்கும், அங்கிருந்து கேரளத்து மொத்த வியாபாரிக்கும், அல்லது நேரே தொழிற்சாலைக்கும் சரக்கு போகிறது. இந்தியாவில் இயற்கை ரப்பரின் பெரும்பகுதியை வாங்குவது டயர் நிறுவனங்கள். அவர்கள் சில நாள் சந்தையிலிருந்து ஒதுங்கி நின்றாலே கோட்டய விலை தளரும். டயர் விலையைக் கூடிப் பேசி ஏற்றியதாக ஐந்து நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 1,788 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணை 2022 பிப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை ஆணையத்துக்கே மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. சங்கிலியின் ஒரு முனையில் விரல் விட்டு எண்ணக்கூடிய வாங்குபவர்கள், மறு முனையில் லட்சக்கணக்கான சிறு தோட்டக்காரர்கள். அருமனைக் கடைக்காரர் இரண்டுக்கும் நடுவில், தான் விலை சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார். அவர் கை ஓங்குவது தனக்குக் கீழே உள்ளவரிடம்தான். தரத்திலும் கழிவிலும் அவர் இறுக்கிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கி விற்பவர் மீதான சந்தேகம் புதிதல்ல. சந்தைக்கு வரும் பொருளை மறுவிற்பனைக்காக வாங்குவதையே குற்றமாக்கிய சட்டங்கள் இங்கிலாந்தில் இருந்தன. 1772-இல்தான் அவற்றில் முக்கியமானவை நீக்கப்பட்டன. நான்கு ஆண்டு கழித்து வந்த நூலில் ஆடம் ஸ்மித், இப்படிப்பட்ட வியாபாரிகள் மீதான பயத்தைச் சூனியக்காரிகள் மீதான பயத்தோடு ஒப்பிட்டார். தானிய வியாபாரிக்கு அவர் சொன்னது ரப்பர் வியாபாரிக்கு முழுதாகப் பொருந்தாது. தானியத்தின் தரம் வாங்குபவர் விற்பவர் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ரப்பரில் ஒருவருக்கு மட்டும் தெரிகிறது.

அருமனைக்காரர்களுக்குப் பழக்கமான இன்னொரு மறுவிற்பனை எல்லைக்கு அப்பால் வெள்ளறடையிலும் பாறசாலையிலும் நடக்கிறது: கேரள அரசின் லாட்டரிச் சீட்டு. 1967-இல் கேரளம் லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று, சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். ஏஜெண்டு துறையிடம் கழிவு விலையில் சீட்டை வாங்கி, சில்லறை விற்பனையாளரிடம் கொடுக்கிறார். அவர் தெருவில் விற்கிறார். சீட்டில் விலை அச்சிட்டிருக்கிறது, தரம் என்ற பேச்சே இல்லை. அதனால் தரத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஆனால் குலுக்கல் முடிந்த நிமிஷத்தில் விற்காத சீட்டு வெறும் காகிதம். அந்த நஷ்டம் வெயிலில் நின்று விற்றவருக்கு. ஷீட்டை ஆறு மாதம் வைத்திருக்கலாம், பூசணம் பிடித்தாலும் தேய்த்து விற்கலாம். தமிழகத்தில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டதால், அங்கே தொழிலாக இருக்கும் அதே சீட்டு விற்பனை சில கிலோமீட்டர் இப்பால் வந்தால் குற்றம்.

ரப்பருக்கும் சட்டம் உண்டு. 1947-ஆம் ஆண்டு ரப்பர் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் ரப்பர் வாங்கி விற்கும் தொழில் செய்ய முடியாது. வியாபாரி ரப்பர் வாரியத்திடம் உரிமம் பெற்று, கணக்கும் காட்ட வேண்டும். 2017 முதல் இயற்கை ரப்பருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. பில் இல்லாமல் கைமாறும் சரக்கு அதற்குப் பிறகும் இல்லாமல் போகவில்லை. எல்லைப் பகுதியில் பில்லுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 2015-இல் கேரள அரசு தன் சிறு விவசாயிகளுக்கு ஆதார விலைத் திட்டம் கொண்டுவந்தது. முதலில் கிலோவுக்கு 150 ரூபாய், பிறகு படிப்படியாக உயர்த்தப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கு விற்ற பில் வேண்டும். அதனால் அங்கே விவசாயி பில் கேட்டு வாங்குகிறார். எல்லைக்கு இப்பால் அந்தத் திட்டம் பொருந்தாது. பில் கேட்கும் பழக்கமும் அந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

கடையைத் தாண்டிப் போகும் வழிகளும் உருவாகியிருக்கின்றன. ரப்பர் வாரியம் 1980-களின் நடுவிலிருந்து ஊர்தோறும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களை ஊக்குவித்தது. நன்றாக நடக்கும் சங்கத்தில் பாலைச் சேகரித்து, ஒவ்வொருவர் மாதிரியையும் சோதித்து, பொதுப் புகைக்கூடத்தில் ஒரே சீரான ஷீட் ஆக்கி, டன் கணக்கில் விற்கிறார்கள். கடைக்காரர் செய்யும் சேர்ப்பு வேலையும் தரம் பிரிக்கும் வேலையும் உறுப்பினர்கள் கைக்கு வந்துவிடுகின்றன. 2022 ஜூனில் வாரியம் தொடங்கிய 'எம்ரூப்' என்ற இணையச் சந்தையில் தரம் குறித்த சரக்கை நாட்டின் எந்த மூலையில் உள்ளவருக்கும் விற்கலாம். ஆனால் அங்கே போக மொத்தமாகச் சரக்கு வேண்டும். பன்னிரண்டு ஷீட்டுக்கு அந்த வாசல் திறப்பதில்லை. சங்கம் இல்லாத, அல்லது இருந்தும் செயல்படாத ஊரில் அரை ஏக்கர்காரருக்கு ரப்பர் கடைதான் சந்தை. அங்கே அவர் செய்யக்கூடியது, நல்ல ஷீட்டையும் சுமாரான ஷீட்டையும் வீட்டிலேயே பிரித்துத் தனித்தனிக் கட்டாகக் கொண்டுபோவது. பாலுக்குச் சோதனைச் சீட்டு கேட்பது. தரம், எடை, கழிவு, விலை நான்கையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்வது. கழிவு தனி வரியாக எழுதப்பட்டால், மழைக்கால பில்லையும் வெயில்கால பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அடுத்த முறை பேச முடியும்.